பாய்த்துணியா, பலகையா, மணலா, ஓலையா, ஆணிக் கருப்பா: உப்புக் காத்துல முகம் வரையறதுக்கு எது நிக்கும்?

பாம்பன்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல, அவரோட ஐயா பாய் வள்ளத்துல போயி பொழைச்ச மனுசன், இப்ப இல்ல, அவர் படத்தை கடையில வாங்குன கேன்வாஸ்ல வரையாம வீட்டுப் பரண்ல கெடக்குற பழைய பாய்த்துணியிலயே வரைஞ்சா என்னன்னு. அதுக்கு முன்னாடி ஏர்வாடிப் பக்கம் ஒரு தங்கச்சி பனை ஓலைல அவங்க அம்மா முகத்தை வரையணும்னு கேட்டுச்சு. தொண்டிப் பையன் ஒருத்தன் மணலைக் கலந்து வரைஞ்சு, மழைக்காலம் முடியுறதுக்குள்ள பெயிண்டு பொருக்கு பொருக்கா உரிஞ்சு வந்துருச்சுன்னு போட்டோ அனுப்பியிருந்தான். மூணு பேருக்கும் தனித்தனியா எழுத ஆரம்பிச்சேன், பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு மூணுக்கும் அடியில இருக்கறது ஒரே கேள்விதான்னு, அதான் எல்லாத்தையும் ஒண்ணா வச்சு எடை போட்டு எழுதறேன். நான் மண்டபம் பக்கம், வருசக்கணக்கா ஆளுங்க முகம்தான் வரையறேன், கீழ சொல்ற ஒவ்வொண்ணையும் கையில வச்சுப் பார்த்தவன்.

## எதை வச்சு அளக்கலாம்

முதல் அளவுகோல் சாயல். படத்தைப் பார்த்ததும் வீட்டு ஆளுங்க "அப்பா மாதிரியே இருக்கு"ன்னு சொல்லணும். கண்ணோரம், உதட்டுக் கோடு, மூக்கு நுனி, இந்த மூணு இடத்துலயும் பொருள் குறுக்க வந்து நின்னுச்சுன்னா மத்ததெல்லாம் எவ்வளவு அழகா இருந்தாலும் அது வேற யாரோ ஒருத்தர் முகம்.

ரெண்டாவது உப்புக் காத்து. நம்ம கரையில இதைத்தான் எல்லாத்துக்கும் மேல வைக்கணும்னு நான் நினைக்கிறேன். சாப்பாட்டு உப்பு இருக்கே, காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டுனா தானா தண்ணி இழுத்து கசிய ஆரம்பிச்சிரும், ஈரம் குறைஞ்சா திரும்ப கல்லாகும். வாடைக்காத்து மாசத்துல இந்தக் கசியறதும் காயறதும் மாறி மாறி நடக்கும். பெயிண்டுக்கு அடியில உப்பு மாட்டிக்கிச்சுன்னா அது ஒவ்வொரு தடவை கல்லாகும்போதும் பெயிண்டை மேல தள்ளும். தொண்டிப் பையனுக்கு நடந்தது இதுதான்.

மூணாவது செலவு, அதுலயும் கண்ணுக்குத் தெரியாத செலவு. சும்மா கிடைச்ச துணின்னு எடுப்போம், அதைத் தயார் பண்ற ஜெஸ்ஸோ, அதான் பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற வெள்ளைப் பூச்சு, அந்த டப்பா நல்ல கேன்வாஸ் விலையைத் தாண்டிரும்.

நாலாவது, படம் எங்க மாட்டப்போகுது, யாரு வணங்கப்போறாங்க. இறந்தவங்க படம்னா நம்ம வீடுகள்ல மாலை விழும், சந்தனம் குங்குமம் வைப்பாங்க, கீழ விளக்கு எரியும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மெழுகுவர்த்தி. கண்ணாடி போடாத படமா இருந்தா சந்தனம் நேரா நெத்தியிலதான் விழும், அது அன்பு, அதைத் தடுக்கவும் முடியாது. கீழக்கரைப் பக்கம் பல முஸ்லிம் வீடுகள்ல உருவப்படம் மாட்டவே மாட்டாங்க, அதையும் முன்னாடியே கேட்டுக்கணும்.

அஞ்சாவது, அந்தப் பொருளுக்கும் அந்த ஆளுக்கும் என்ன உறவு. உறவே இல்லாம புதுமைக்காக மட்டும்னா தாராளமா கேன்வாஸ்ல வரைங்க.

அவசரமா இருக்கவங்களுக்கு ஒரு பார்வை (ஆணிக் கருப்புன்னா துருப்பிடிச்ச இரும்பைப் புளிக்க வச்சு எடுக்குற கறுப்புச் சாயம்):

| பொருள் | சாயல் வருமா | உப்புக் காத்துல | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|
| பாய்த்துணி | நல்லா வரும் | நல்லா அலசுனா நிக்கும் | நல்ல தண்ணி, பலகை, பசை |
| படகுப் பலகை | சுமாரா வரும் | மெதுவா உப்பைக் கக்கும் | மாசக்கணக்குல காத்திருப்பு, எடை |
| மணல், சிப்பி | வயசான முகத்துக்கு மட்டும் | ரொம்ப பலவீனம் | தூசி, விரிசல் |
| பனை ஓலை | கோட்டுல வரும் | பரவாயில்ல | பூச்சி, கைவேலைக் கூலி |
| ஆணிக் கருப்பு | நல்லா வரும், திருத்த முடியாது | ரொம்ப நல்லா நிக்கும் | துணியையே மெதுவா தின்னும் |

## பாய்த்துணி

முதல்ல அது பருத்திதானான்னு பாருங்க. ஓரத்துல ஒரு நூலை உருவி கொளுத்துங்க. காகிதம் எரியுற வாடை வந்து சாம்பலானா பருத்தி. உருகிச் சொட்டுனா பிளாஸ்டிக், தார்ப்பாய் வகையறா, அதுல பெயிண்டு பிடிக்கவே பிடிக்காது, நகத்தால சுரண்டுனா தோலா வந்துரும். பல வீடுகள்ல பாய்னு சொல்லி இப்ப இருக்கறது இந்த ரெண்டாவது ரகம்தான். அப்படி இருந்தா மனசைத் தேத்திக்கிட்டு வேற வழி பாருங்க, அதுல எந்த மருந்தும் வேலைக்காகாது.

பருத்தியா இருந்தா உப்பை எடுக்கணும். இங்கதான் நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல், நம்ம கிணத்துத் தண்ணியே பாதி இடத்துல உப்பு. அந்தத் தண்ணியில எத்தனை தடவை அலசுனாலும் உப்பை எடுத்துட்டு உப்பை வைக்கிற கதைதான். மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அது, இல்லைன்னா காவிரித் தண்ணி வர்ற குழாய்லேர்ந்து பிடிச்ச குடம். நான் ஒரு நாள் பூரா ஊற வச்சு, தண்ணியை மாத்தி, மறுபடி ஊற வச்சுன்னு போவேன். கடைசியா அலசுன தண்ணியில ஒரு சொட்டை கறுப்புத் தட்டு மேல விட்டு, பக்கத்துல அலசாத சுத்தத் தண்ணி ஒரு சொட்டு விட்டு, ரெண்டையும் காய விடுங்க. ரெண்டு வளையமும் ஒரே மாதிரி இருந்தா உப்பு போயிருச்சு. அலசுன சொட்டுல வெள்ளை அதிகமா தெரிஞ்சா இன்னொரு குடம். குடிதண்ணியை விலைக்கு வாங்குற வீட்டுல இந்தக் குடங்களோட கணக்கை அம்மாகிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

அடுத்தது, வருசக்கணக்கா வெயில்ல அடிபட்ட துணி, பார்க்க கெட்டியா இருக்கும், சட்டத்துல இழுத்து ஆணி அடிக்கும்போது கிழியும். அதனால இழுக்காதீங்க, பிளைவுட் மேல ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையால ஒட்டிருங்க. ஆயில் பெயிண்டை வெறும் துணியில நேரா வச்சிராதீங்க, ஆளி எண்ணெய் காயக்காய நூலை மொடமொடன்னு ஆக்கிரும். ஜெஸ்ஸோ ரெண்டு கோட் அடிச்சா பாதுகாப்பு, ஆனா துணியோட நிறம், தையல், ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் மறைஞ்சுபோகும், அப்புறம் எதுக்கு பாய்த்துணி? நான் பண்றது, முகம் வர்ற இடத்துல மட்டும் ஜெஸ்ஸோ, சுத்தி வெளியில நிறமில்லாத அக்ரிலிக் மீடியம், அதான் நிறம் கலக்காத அக்ரிலிக் பசை. ஒட்டுத்துணி தைச்ச தையல் தோள் பக்கமா வர்ற மாதிரி வச்சுப் பாருங்க, அவங்க கையால தைச்ச தையல் அவங்க தோள்ல இருக்கறது பார்க்குற யாரையும் ஒரு நிமிசம் நிறுத்தும்.

பாம்பன் தம்பிக்கு, துணி பருத்தியா இருந்து, வரையப்போறது ஆயில்லயோ அக்ரிலிக்லயோன்னா, இதையே பண்ணுங்க.

## படகுப் பலகை

ஒடைச்ச வத்தை, வள்ளத்துப் பலகை விறகு விலைக்குக் கிடைக்கும். பார்க்கவும் அழகா இருக்கும், அஞ்சாறு கோட் பழைய பெயிண்டு உரிஞ்சு நீலமும் பச்சையுமா. ஆனா அந்த அழகுலயே ஆபத்து இருக்கு. பழைய பெயிண்டுல ஈயம் இருக்கலாம், அடிப்பக்கத்து பெயிண்டுல சிப்பி ஒட்டாம இருக்க மருந்து கலந்திருக்கலாம். அதை உப்புக்காகிதத்தால காய்ஞ்ச நிலையில தேய்ச்சு தூசியா சுவாசிக்காதீங்க, நனைச்சுத் தேய்ங்க, முகத்துல மாஸ்க் கட்டுங்க, சின்னப் பிள்ளைங்க இருக்க வீட்டு முத்தத்துல பண்ணவே கூடாது.

மீன் எண்ணெய் ஊறுன பலகையில பெயிண்டு நிக்காது. ஆணி இருந்த ஓட்டையிலேர்ந்து துரு கறுப்பா கசிஞ்சு நாலு மாசம் கழிச்சு கன்னத்துல வந்து நிக்கும். ரெண்டுக்கும் அரக்கு பாலிஷ் ரெண்டு கோட் நல்ல தடுப்பு. உப்பு மட்டும் பலகைக்குள்ள ஆழமா போயிருக்கும், துணி மாதிரி அலசி எடுக்க முடியாது, நெழல்ல மாசக்கணக்கா வச்சு பூக்கிற உப்பை ஈரத்துணியால தொடைச்சுக்கிட்டே இருக்கணும்.

இன்னொண்ணு, மரம் மழைக்காலத்துல குறுக்க ஊதும், கோடையில சுருங்கும். ரெண்டு பலகை சேர்ற கோடு கண்ணு மேல வந்துச்சுன்னா ஒரே வருசத்துல அந்தக் கண்ணுல வெடிப்பு விழும். முகம் முழுசும் ஒரே பலகையில அடங்கணும், அதனால அகலம் இருக்க பலகை கிடைச்சா மட்டும் இறங்குங்க. எடையும் பாருங்க, கரையோர வீட்டுச் சுவர் பூச்சே உப்புல பொரிஞ்சு நிக்கும், சாதா ஆணி தாங்காது.

பெரிய கூடம், சர்ச் ஹால், சங்கத்துக் கட்டடம் இந்த மாதிரி இடத்துக்கு இதை விட கம்பீரமா வேற எதுவும் இல்ல. சின்ன வீட்டுக்கு வேண்டாம். பலகையை வாங்குறப்ப அது யாரு படகுன்னு கேட்டு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, படகை லட்சுமியா கும்பிட்டவங்க அதுல வேற யாரோட முகமோ வர்றதை விரும்பாம இருக்கலாம்.

## மணலும் சிப்பியும்

இதுல எனக்கு ஆசை ஜாஸ்தி, நம்பிக்கை கம்மி. கடல்ல போன ஆளோட நெத்திச் சுருக்கத்துக்கு மணல் கலந்த பெயிண்டு கொடுக்குற அழுத்தத்தை பிரஷ்ஷால மட்டும் கொண்டு வர முடியாது, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தா ஒவ்வொரு மணலும் தனக்குன்னு ஒரு நெழல் போடும். அதே காரணத்தால குழந்தை முகம், இளம் பொண்ணு முகம் இதுல வரவே வராது.

பண்ணித்தான் ஆகணும்னா கழுவுங்க, துணிக்குச் சொன்ன அதே சொட்டுச் சோதனை இதுக்கும். டீ வடிகட்டியில சலிச்சு ரெண்டு மூணு ரகமா பிரிங்க, பொடிசு கன்னத்துக்கு, கரடு சட்டைக்கும் பின்னணிக்கும். கேன்வாஸ் மேல வேண்டாம், மணல் எடைக்குத் துணி தொங்கி வெடிக்கும், கெட்டிப் பலகை மேல அக்ரிலிக் மீடியத்துல குழைச்சுப் பூசுங்க. அப்படியும் மணல் இடுக்குல தூசியும் விளக்குப் புகையும் சேரும், தொடைக்க முடியாது. கண்ணாடிப் பெட்டிச் சட்டம் கட்டாயம்.

சிப்பியைப் பொடி பண்ணி வெள்ளையா பயன்படுத்துறது நல்ல யோசனை, ஜப்பான்காரங்க சிப்பி ஓட்டுப் பொடியைத்தான் ரொம்ப காலமா படத்துக்கு வெள்ளையா வச்சிருக்காங்க. நம்ம ஊரு விசயத்துக்கு வந்தா ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்துல சேதுபதி மன்னரோட உருவமெல்லாம் 18ஆம் நூற்றாண்டுல சுண்ணாம்புப் பூச்சு மேல வரைஞ்சது இன்னைக்கும் போய்ப் பார்க்கலாம், முகம் வரையறவங்க ஒரு தடவையாவது போயி அந்தக் கண்ணுகளைப் பக்கத்துல நின்னு பாருங்க. ஆனா நீங்க வீட்டுல சுண்ணாம்பு நீத்துறதா இருந்தா கொதிக்கும், கண்ணுல தெறிச்சா பார்வையே போகலாம். ஈரச் சுண்ணாம்பு மேல பிரஷ்யன் நீலம் வச்சா நீலமே செத்துரும்.

பவளப் பாறைத் துண்டு மட்டும் தொடவே தொடாதீங்க, கரையில ஒதுங்குன செத்த துண்டா இருந்தாலும் சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல அதுக்குக் கடுமையான தடை இருக்கு, மன்னார் வளைகுடா 21 தீவும் 1986லேர்ந்து தேசியப் பூங்கா, அங்கேர்ந்து மணலோ சிப்பியோ எதுவும் எடுக்கறதில்லைன்னு ஒரு வைராக்கியம் வச்சுக்கங்க. சமையலுக்கு வாங்குன மட்டிச் சிப்பி ஓடு போதும்.

## பனை ஓலை

ஏர்வாடித் தங்கச்சிக்கு. ஓலையில பெயிண்டு அடிக்காதீங்க, அது வழவழன்னு இருக்கும், வளையும்போது பெயிண்டு செதிலா உதிரும். நம்ம ஆளுங்க ஏடு எழுதுன வழிதான் இதுக்கு வழி, வேக வச்சு காய வச்ச ஓலையில எழுத்தாணியால கீறி, விளக்குக் கரியை எண்ணெயில குழைச்சு தேய்ச்சு, மேல தொடைச்சா கீறுன இடத்துல மட்டும் கறுப்பு நிக்கும். ஓலை அகலம் கொஞ்சம்தான், அதனால பல ஓலையை நூல்ல கோர்த்து அது மேல முகம். கோர்க்கற இடைவெளி எங்க விழுதுன்னு முன்னாடியே திட்டம் போடணும், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி, புருவத்துக்கு மேல ஒண்ணு, இப்படி வந்தா சாயல் கெடாது.

நெழல் கிடையாது, எல்லாம் கோடுதான், அழிக்கவும் முடியாது. கோடு கை வந்தவங்களுக்கு மட்டும் சரிப்படும். பூச்சி வரும், வருசத்துக்கு ஒருதடவை எடுத்துப் பார்க்கணும். ஓலையைப் பதம் பண்ணிக் கொடுக்க சாயல்குடிப் பக்கம் ஓலை வேலை பார்க்குற அக்காமாருங்ககிட்ட கேட்டா அவங்க கைக்குத் தெரியுறதுல பாதி நமக்குத் தெரியாது, அதுக்கு உரிய கூலியைப் பேரம் பேசாம கொடுங்க. அம்மா பெட்டி முடைஞ்சவங்கன்னா இதை விட்டுட்டு வேற பொருளைத் தேடாதீங்க.

## ஆணிக் கருப்பு

இதைப் பத்திதான் நான் நிறைய சொல்லணும். மேல சொன்ன நாலுலயும் ஓலையைத் தவிர மத்ததுல பெயிண்டு ஒரு தோலா மேல உட்காந்திருக்கு, உப்பும் ஈரமும் அந்தத் தோலுக்கு அடியில பூந்து தள்ளுது. தோலே இல்லாம நிறம் நூலுக்குள்ள ஊறிட்டா? தள்ளுறதுக்கு எதுவும் இல்ல.

கலம்காரிக்காரங்க, அதான் துணியில கையால சாயம் எழுதறவங்க, காலங்காலமா பண்ற கருப்பு இது, நம்ம தமிழ்நாட்டுல சிக்கல்நாயக்கன்பேட்டையில இன்னும் கையால எழுதறாங்க. துருப்பிடிச்ச இரும்பு, கருப்பட்டி, தண்ணி, மூணையும் மண்பானையில போட்டு வாயைத் துணியால கட்டி ரெண்டு மூணு வாரம் புளிக்க விடணும். பருத்தித் துணியை கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பால்ல நனைச்சு வெயில்ல காய வைக்கணும், பாலோட கொழுப்பு நிறம் பரவாம பிடிச்சு நிறுத்தும். அந்தத் துணியில பானைத் தண்ணியைத் தொட்டு கோடு போட்டா முதல்ல வெளுத்த சாம்பலா தெரியும், பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கறுக்கும். கடுக்காயோட துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நூலுக்குள்ளேயே கருப்பாகுது, கடையில வாங்குன எந்த இங்க்கும் இப்படி ஒரு ஆழம் கொடுத்து நான் பார்த்ததில்ல.

தண்ணி கலந்து கலந்து வச்சா சாம்பல்ல பல படி கிடைக்கும், கன்னத்து நெழல், கழுத்துக் குழி எல்லாம் வரும். ஆனா ஒவ்வொரு தொடுதலும் கறுக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு கறுக்கும்னு கணிக்கணும், போட்டது போட்டதுதான். பழைய வேட்டித் துணியில ஒரு பத்து மூக்கு, பத்து கண்ணு போட்டுப் பழகிட்டு இறங்குங்க.

இப்ப பாம்பன் தம்பிக்கு நான் நிஜமா சொல்ல நினைக்கிறது. அந்த வள்ளம் ஒடைச்சப்ப எடுத்த ஆணி வீட்டுல எங்கயாவது கெடந்தா, உப்பு போக அலசி, அதையே பானையில போடுங்க. அந்தப் பாய்த்துணி பருத்தியா இருந்து இன்னும் கொஞ்சம் உயிரோட இருந்தா அதையே கடுக்காய்ல நனைங்க. ஐயாவோட படகு ஆணி கறுப்பா மாறி ஐயாவோட பாயில ஐயா முகமா நிக்கும்.

குறையையும் சொல்லிரணும். இரும்புக் கருப்பு துணியை ரொம்ப காலப்போக்குல அரிக்கும், வெளிநாட்டு மியூசியங்கள்ல இருக்க நம்ம கரையோரத்துப் பழைய சாயத்துணிகள்ல மத்த நிறமெல்லாம் அப்படியே இருக்க கருப்பு இருந்த இடம் மட்டும் நைஞ்சுபோயிருக்கும். அதுக்கு ஒரு ஆயுசுக்கும் மேல ஆகும்னாலும், வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில அலசி மிச்ச இரும்பை வெளியேத்துங்க, பழசு இத்துப்போன துணியில கெட்டிக் கருப்பா அப்பாதீங்க, சாம்பலாவே வேலையை முடிங்க. சிவப்பு வேணும்னா மணல்காட்டுல வளர்ற இம்பூறல் வேர், நம்ம ஆளுங்க சாயவேர்னு சொல்றது, படிகாரத்தோட சேர்ந்து நல்ல சிவப்பு கொடுக்கும், ஆனா கிடைக்கறதும் காய்ச்சறதும் பெரிய வேலை.

மஞ்சள், பீட்ரூட்டு, செம்பருத்தி இதையெல்லாம் நிறைய பேரு கேக்கறீங்க. வெளிச்சத்துல போயிரும், மஞ்சள் ரொம்ப சீக்கிரமே போயிரும். அம்மா முகத்துல மஞ்சள் பூசி வரைஞ்சு அது வெளுத்துப்போறதைப் பார்க்குற நிலைமை யாருக்கும் வேண்டாம். காபியில பழுப்பு கொஞ்ச நாள் கூட நிக்கும், எறும்பும் பூஞ்சையும் வரும். கருவேல மூட்டத்துக் கரி நம்ம மாவட்டத்துல கொட்டிக் கிடக்கு, ஆனா கெட்டி, காகிதத்தைக் கீறும். பொடி பண்ணி பஞ்சுல தொட்டு வச்சா நல்ல நெழல் வரும், கோட்டுக்கு ஆகாது.

## நிக்கவே வேண்டாம்னா

சில முகம் நிக்கறதுக்காக வரையறதில்ல. பிரேசில்காரர் விக் முனிஸ் 1996ல கரும்புத் தோட்டக் கூலிக்காரங்க பிள்ளைங்க முகத்தை கறுப்புக் காகிதத்துல சர்க்கரையைத் தூவி வரைஞ்சு போட்டோ எடுத்தாரு, மிஞ்சுனது போட்டோதான், அதுதான் படைப்பு. அதைப் பார்த்துட்டு நான் வாலிநோக்கத்து உப்பளத்துல வேலை பார்க்குற ஒரு அக்கா முகத்தை அவங்க அள்ளுன உப்பாலயே கறுப்பு அட்டையில வரைஞ்சேன். காலையில ஆரம்பிச்சு மத்தியானம் கன்னம் முடிஞ்சுது, சாயங்காலம் கடல்காத்து திரும்புனதும் கண்ணோரம் ஈரமாகி மினுங்க ஆரம்பிச்சுது. அந்த நேரத்துல எடுத்த போட்டோ அவங்க வீட்டுல லேமினேஷன் போட்டு மாட்டியிருக்கு. இந்த வழிக்குச் செலவு கேமராவும் அன்னைக்கு ஒரு நாளும்தான், ஆனா காசு கொடுத்து படம் கேக்கறவங்ககிட்ட, கையில வரப்போறது போட்டோ மட்டும்தான்னு முதல் நாளே சொல்லிருங்க.

## எதை எடுத்தாலும் இதைப் பண்ணுங்க

கண்ணாடி போட்டா படத்தைத் தொடாம இடைவெளி விட்டுப் போடுங்க, தொட்டா வாடைக் காலத்துல ஒட்டிக்கிட்டு பூஞ்சை வைக்கும். சட்டத்துக்குப் பின்னாடி நாலு மூலையிலயும் தக்கையோ ரப்பரோ வச்சு சுவத்துலேர்ந்து விரக்கடையாவது தள்ளி மாட்டுங்க, காத்து ஓடணும். பெரிய படத்துக்கு முன்னாடி அதே பொருள்ல உள்ளங்கை அளவுக்கு ஒண்ணு பண்ணி ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் ஜன்னல் கிட்ட வச்சுப் பாருங்க, அது தாங்குனா பெருசும் தாங்கும்.

அப்புறம் படத்துக்குப் பின்பக்கம் பென்சில்ல எழுதுங்க: எந்தப் படகுத் துணி, எந்த ஊரு ஆணி, எந்தப் பசை, எந்த மாசம், எத்தனை தண்ணி அலசுனது. நாளைக்கு அவங்க பேரப்பிள்ளை யாராவது அதை எடுத்துச் செப்பனிட வேண்டி வந்தா முதல்ல தேடப்போறது அதைத்தான்.